மே மாதத்தில் ஓடும் மழைநீர் வடிகால்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் இருக்கும் புறநகர் எங்களுடையது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏரி. அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. சில மனுக்கள் இன்னும் நடப்பில் இருக்கின்றன, அவற்றில் சம்பந்தப்பட்ட பலர் காலையில் பால் வாங்கும்போது எனக்கு வணக்கம் சொல்பவர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது, இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாவற்றின் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் போய்ச் சேரும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பிடித்த அதே பள்ளிக்கரணை. மேலே ஏதோ ஒரு சந்தில் துணி துவைத்து ஊற்றிய தண்ணீர் அதுவரை பயணம் போகிறது.

ஏரியைக் காப்போம் என்று நாலு பேர் கூடினால் முதலில் வருவது கையுறை, கோணிப்பை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. அதில் தப்பே இல்லை. 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டு கிடந்தபோது, சிட்லபாக்கத்து மக்கள் தங்கள் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதே ஆண்டு அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. பத்து பேர் சேற்றில் நிற்கும் படத்துக்குக் கோப்பை நகர்த்தும் சக்தி உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஏரிக்குள் சேரும் அழுக்கில் பெரும்பகுதி யாரும் கையில் கொண்டுவந்து கொட்டியதில்லை, தண்ணீரோடு வருவது. அது வரும் வழியைப் பார்க்காமல் ஏரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வருஷா வருஷம் அதே ஞாயிறு, அதே கோணிப்பை.

இதற்கு நான் அறிந்த மிக எளிய சோதனை, மே மாதத்தில் போய் மழைநீர் வடிகாலை எட்டிப் பார்ப்பது. இங்கே ஜனவரிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி மழை கிடையாது. கத்திரி வெயிலில் மழைநீர் வடிகால் காய்ந்து, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க வேண்டும். அதில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது மழைநீர் இல்லை. ஆய்வகம் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். எங்கள் ஏரிக் குழுவினர் ஏரிக்குள் இறங்கும் வடிகால் வாய்களை ஒவ்வொன்றாக அப்படிப் போய்ப் பார்த்தோம். சுத்தமாகக் காய்ந்திருந்தவை சில. கணுக்கால் ஆழத்துக்குச் சாம்பல் நிறத்தில், நுரை மிதக்க ஓடியவை பல. ஓடுகிற வாயிலிருந்து மேல்நோக்கி நடந்தால் போதும், எங்கே தொடங்குகிறது என்று வடிகாலே காட்டிக்கொடுத்துவிடும்.

நடப்பதற்கு நேரம் முக்கியம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போக வேண்டும். வீடுகளில் குளியல், சமையல், துவைப்பு எல்லாம் அப்போதுதான். பதினோரு மணிக்குப் போனால் பாதி குழாய்கள் சாதுவாக இருக்கும். மூடியில்லாத இடங்களில் பக்கச்சுவரைப் பார்த்தால் நான்கு அங்குல பிவிசி குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய் வாய்க்குக் கீழே சுவரில் வழவழவென்று கறுப்புப் பாசி இருந்தால் அது தினசரி ஓடும் குழாய். வெள்ளை நுரை துணி துவைக்கும் தண்ணீர். மேலே எண்ணெய் ஆடை படிந்து, புளித்த வாடை அடித்தால் பக்கத்தில் எங்கோ ஓட்டல் அல்லது மெஸ் இருக்கிறது. வாடையிலேயே கழிப்பறைத் தண்ணீர் தெரிந்துவிடும், அதற்கு விளக்கம் தேவையில்லை. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது போங்கள். ஒருவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருந்தால் "யார் நீங்க, என்ன படம் எடுக்கிறீங்க?" என்ற கேள்வியைச் சிரித்துச் சமாளிக்கலாம்.

வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பத்தி பிரித்து எழுதினேன். தெரு, மின்கம்ப எண், வடிகாலின் எந்தப் பக்கம், குழாயின் அளவு, நிறம், நேரம். வீட்டு எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டு மின்கம்ப எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். நோட்டு யார் கையிலாவது சிக்கினாலும் தெருச் சண்டை வராது, அதிகாரிக்கு இடத்தைக் காட்டவும் அது போதும். பின்னால் மனுக்களுக்கு இந்த நோட்டுதான் முதுகெலும்பாக இருந்தது. "ஏரி மாசடைகிறது" என்று எழுதினால் பதில் வராது. "இந்த மின்கம்பத்துக்கும் அந்த மின்கம்பத்துக்கும் இடையே வடிகாலின் வடக்குச் சுவரில் ஏழு குழாய்கள்" என்று எழுதினால் யாராவது ஒருவர் வந்து எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

மே மாதச் சோதனைக்குச் சிக்காத அழுக்கும் இருக்கிறது. மழை வந்தால் மட்டும் புறப்படுவது. வீடு கட்டுகிறவர்கள் ரோட்டில் குவித்த எம்-சாண்ட், மெக்கானிக் ஷெட் வாசலில் ஊறிய பழைய ஆயில், கறிக்கடைக் கழிவு, மாட்டுத் தொழுவத்துச் சாணம், காலி மனையில் எரித்த குப்பைச் சாம்பல், நாய்கள் போட்டுவிட்டுப் போனது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடக்கும் இவ்வளவும் முதல் நல்ல மழையில் ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்குள் இறங்கிவிடும். எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, அது எத்தனை நாள் கழித்துப் பெய்தது என்பதுதான் இதில் கணக்கு. நவம்பர் கடைசியில் கொட்டுகிற மழைத்தண்ணீர் செப்டம்பர் தண்ணீரைவிட எவ்வளவோ சுத்தம்.

எங்கள் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் இதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார். "முதல் மழை பெஞ்ச மறுநா காலையில கரைக்கு வரவே பயமா இருக்கும் சார்" என்பார். விடியற்காலையில் ஜிலேபி மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கும், வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். விஷம் எதுவும் தேவையில்லை. மழையோடு வந்த கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகிறது. பகலில் பாசி ஆக்ஸிஜன் தரும். இரவில் அதுவும் சேர்ந்து உறிஞ்சும். அதனால்தான் சாவு விடியற்காலையில். மீன் வளர்க்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. அளப்பதற்கு எளிய சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒரு கல்லூரி ஆசிரியை தன் மாணவர்களை அழைத்து வந்து அளந்து கொடுத்தார். அளப்பதானால் சூரியன் எழும் நேரத்தில் அளக்க வேண்டும். மதியம் அளந்தால் பாசி நிறைந்த மோசமான ஏரிகூட நல்ல எண் காட்டும், அந்த எண்ணை நம் முகத்துக்கு எதிரேயே நீட்டுவார்கள்.

பாசி என்றதும் ஒரு பழைய பரிசோதனையைச் சொல்லத் தோன்றுகிறது. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஓர் ஏரியின் இடுப்பு போன்ற குறுகலான பகுதியில் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார். மறுபக்கம் அதே கார்பன், நைட்ரஜனோடு பாஸ்பரஸும் சேர்த்தார். பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் பச்சையாகப் பொங்கியது, மற்றது தெளிவாக நின்றது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வாதம் தேவைப்படாது. நம் வடிகாலில் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? மலம், சிறுநீர், சில சோப்புத்தூள்கள், உரம், அரித்து வரும் மண். ஆகாயத்தாமரை ஏரியை மூடுவதும் இந்தச் சாப்பாட்டை நம்பித்தான். அதை வாரி எடுப்பது நல்ல காரியம், தின்றதோடு சேர்த்து வெளியே போகிறது. ஆனால் வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், அடுத்த மழைக்குள் அழுகி, சாறு மறுபடி ஏரிக்கே வந்துவிடும். லாரி வரும் நாளில்தான் வார வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியின் கதையை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வேன். சுற்றியுள்ள ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் ஏரியில் விட்டன. அப்படியும் 1950-களில் தண்ணீர் கலங்கிப் பாசி படர்ந்தது. எட்மண்ட்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் காரணத்தை எளிமையாக எழுதிக் காட்டினார். கழிவை ஏரியிலிருந்து திருப்பிவிடப் பொது அமைப்பு வேண்டுமா என்று 1958 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. திட்டத்தைத் திருத்திக்கொண்டு செப்டம்பரில் மறுபடி போனார்கள், ஜெயித்தது. 1963-இல் தொடங்கி 1968-இல் கழிவு முழுவதையும் திருப்பி முடித்தார்கள். வரத்து நின்றது, ஏரி சில ஆண்டுகளில் தானே தெளிந்தது. செலவுக்கு அந்த ஊர் மக்கள் மாதக் கட்டணம் கட்டினார்கள்.

அதே வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஏரியின் ஆழமான இடம் 65 மீட்டர். நம்முடையவை பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள், ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். அடியில் படிந்த சேறு சத்துகளைத் திரும்பத் திரும்பத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தூர்வாருவதும் வேண்டும்தான். ஆனால் வரத்தை அடைத்த பிறகு. வரிசை மாறினால் கோடிக்கணக்கில் செலவழித்து ஆழப்படுத்திய குழிக்குள் மறுபடி சாக்கடை நிரம்பும்.

சரி, குழாய்களைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்தது அந்தக் குழாய்க்குச் சொந்தக்காரர்களோடு பேசுவது. நிறையக் குழுக்கள் இங்கேதான் உடைகின்றன. வாட்ஸ்அப்பில் படம் போட்டுத் திட்டினால் ஒரே வாரத்தில் ஊர் இரண்டாகிவிடும். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை வராத தெரு. நான்கு பேருக்காகக் கட்டிய செப்டிக் டேங்க், இன்றைக்கு மாடியில் இரண்டு குடித்தனம் சேர்ந்து பத்து பேருக்கு. உறிஞ்சுகுழி ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் எதையும் உறிஞ்சாது. டேங்க் வழிந்து வாசலில் நிற்கும். லாரியைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் காசு. வாசல் முன்னாலேயே புதிதாகக் கட்டிய கான்கிரீட் வடிகால். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஓட்டை போட்டால் பிரச்சினை தீர்ந்தது. "எங்களுக்கு மட்டும் ஆசையா சார்? பாத்ரூம்ல தண்ணி திரும்பி வருது, குழந்தைங்க இருக்கிற வீடு" என்று ஓர் அம்மா கேட்டபோது எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அதனால் தெருவுக்குத் தெரு பேசி, லாரியை மொத்தமாக ஏற்பாடு செய்தோம். ஒரே நாளில் ஒரு தெருவின் டேங்குகள் எல்லாவற்றையும் எடுப்பதாகச் சொன்னால் லாரிக்காரர் விலையைக் குறைக்கிறார், அவருக்கும் அலைச்சல் மிச்சம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சகதியை எடுக்காவிட்டால் டேங்கில் கழிவு தங்கித் தெளிய இடமே இருக்காது, அப்படியே வெளியேறும். இது பல வீடுகளுக்குத் தெரியவில்லை, "இருபது வருஷமா எடுத்ததே இல்லை" என்பதைப் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. லாரிக்காரரிடம் இரண்டு விஷயம் உறுதி செய்துகொள்ளுங்கள். கழிவை எங்கே கொட்டுகிறார்? பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டினால் அதற்கான சீட்டைக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்கினால் அது அடுத்த ஊர் ஏரியில் விழப்போகிறது என்று அர்த்தம். இன்னொன்று, எக்காரணத்தைக் கொண்டும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், விஷவாயுவில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் இயந்திரம் வரும்வரை காத்திருப்போம்.

குளியலறை, துவைப்புத் தண்ணீரைச் செப்டிக் டேங்குக்கு அனுப்பாமல் பிரித்தாலே டேங்கின் சுமை பாதிக்கு மேல் குறையும். கொஞ்சம் மண் இருக்கும் வீடுகளில் ஜல்லியும் மணலும் போட்டு ஒரு பாத்தி, அதில் கல்வாழை அல்லது வாழை. இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, சுற்றிலும் சிமெண்ட் பூசிய வீட்டில் வாழையை எங்கே நடுவது? செய்ய முடிந்தவர்கள் செய்தார்கள். தெருவுக்கு ஒருவர் செய்துகாட்டினால் பேச்சு சுலபமாகிறது என்பது மட்டும் உண்மை.

ஆனால் ஒரு பெரிய குடியிருப்போ, ஓட்டலோ, வாகனம் கழுவும் இடமோ தண்ணீரை விட்டால் இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் எடுபடாது. அங்கே சட்டம்தான். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் நீர்நிலைகளில் கழிவை விடுவதைத் தடை செய்கிறது. ஓரிடத்தில் நேரில் போய்ப் பேசியபோது மிகவும் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பினார்கள். குழாய் அப்படியே இருந்தது. படத்தோடும் தேதியோடும் மனு போன பிறகுதான் அசைந்தார்கள்.

மனு எங்கே கொடுப்பது என்பதே தனி வித்தை. ஏரியின் நீர்ப்பரப்பும் கரையும் பெரும்பாலும் நீர்வளத்துறைக்கு. தெரு வடிகால் மாநகராட்சிக்கு. பெரிய சாலை ஓரத்து வடிகால் நெடுஞ்சாலைத்துறைக்கு. எல்லை, ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறை, அதாவது வட்டாட்சியர். தொழில் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வொருவரும் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மூன்று மேசை சுற்றி முதல் மேசைக்கே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனு, ஒரு இடம், ஒரு கோரிக்கை, ஒரு படம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண்ணோடு ரசீது கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லாப் பேச்சும்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தினோம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, காரணத்தை உருவாக்கித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. வடிகால் வரைபடத்தின் நகல், ஒப்பந்த ஆணை, அளவுப் புத்தகம், ஏரியின் எல்லை காட்டும் புல வரைபடம் என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. நாங்கள் பணியைப் பார்வையிட விண்ணப்பித்த அதே வாரத்தில் வேலை திடீரென்று வேகம் பிடித்தது. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் குழுவுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. சாக்கடை கலந்த வடிகால்களை ஏரிக்குள் விடாமல், கரையைச் சுற்றி மூடு கால்வாய் கட்டி அப்படியே கீழே கொண்டுபோய்விடலாம் என்பது பொறியாளர்கள் சொல்லும் வழி. படத்தில் அழகாக இருக்கும். கோடையில் பலன் தரும். மழைக்காலத்தில் அந்தக் கால்வாய் நல்ல தண்ணீரையும் சேர்த்தே கடத்திவிடும், ஏரி நிரம்பாது. அதைவிட முக்கியமாக, கால்வாய் எங்கே முடிகிறது? அடுத்த ஏரியில். நம் ஏரி சுத்தம், கீழே இருப்பவனுக்கு நம் கழிவும் சேர்த்து. குழாய்களை மூலத்திலேயே அடைக்காமல் சுற்றுக் கால்வாய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது என் பிடிவாதம். "நீங்க சொல்ற மாதிரி எல்லா வீட்டையும் திருத்தி முடிக்க இன்னும் இருபது வருஷம் ஆகும் சார், அதுவரைக்கும் மீன் சாகணுமா?" என்கிறார் எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. கீழ் ஏரிக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைத்த பிறகுதான் பேச்சு கொஞ்சம் நேரானது. ஏரி நிரம்பினால் வழியும் கலங்கல் வழியாக நம் தண்ணீர் யாருக்குப் போகிறதோ அவர்களை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கு நம்மைவிட அக்கறை அதிகம், வார்டு வேறு, ஓட்டும் வேறு, அதனால் கவுன்சிலர்கள் இருவரும் காது கொடுப்பார்கள்.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் எழுந்து மனு கொடுத்தால், மழைக்கு முன் அவசரமாக வடிகால் தூர்வாரும் வேலை மட்டும் நடக்கும். அள்ளிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள், காய்ந்த பிறகு எடுக்கிறோம் என்பார்கள், அதற்குள் மழை வந்து மொத்தமும் உள்ளே போய்விடும். இதற்காகவே தூர்வாரும் வாரத்தில் தெருவுக்கு ஒருவர் முறை போட்டுக்கொண்டு, சேறு அகற்றப்படும்வரை மாநகராட்சிக் குறைதீர் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறோம். கட்டுமான மணலுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லி மேஸ்திரிகளிடம் பேசுவதும் ஆகஸ்டிலேயே முடிந்துவிட வேண்டும். குழாய்க் கணக்கெடுப்பை மே மாதத்தில் முடித்துவிட்டால், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவேட்டில் ஏறியதை அதிகாரி மாறிப்போனாலும் எடுத்துக் காட்ட முடியும். அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டில் இடம்பிடிக்க வேண்டிய வேலை என்றால், பொங்கல் முடிந்த கையோடு கவுன்சிலரைப் பார்த்துவிடுவது உத்தமம். எங்களுக்கு இந்த வருஷம் இரண்டு தெருவுக்கான வேலை அப்படித்தான் பட்டியலில் ஏறியிருக்கிறது, மூன்றாவது தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.